எட்டுக்குப் பத்து பூஜை ரூம்

ஒரு நாளில் நானும் ஜெயபுஷ்பமும் சேர்ந்து விழித்திருந்தது ஐம்பது நிமிடம். காலையில் இருபது, மாலையில் முப்பது. அவள் பிரசவ வார்டில் நர்ஸ். இரவு வேலையை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். காலை எட்டு பத்துக்கு வீட்டுக்கு வருவாள். எட்டரைக்கு நான் ராணிப்பேட்டை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். அங்கே ஒரு தோல் கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களை டைப் அடிக்கும் வேலை எனக்கு. மாலை ஆறரைக்கு நான் திரும்பினால் ஏழு மணிக்கு அவள் கிளம்புவாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பேச நேரம் குறைவாக இருந்தால் தேவையானதை மட்டும்தான் பேசுவோம். அது எனக்கு ஒத்துப்போன வாழ்க்கை. அவளுக்கு ஒத்துப்போகாமல் இருந்தது பகல் தூக்கம்தான். தோட்டப்பாளையத்தில் நாங்கள் குடியிருந்தது ஆறு வீடுகள் ஒட்டினாற்போல் இருந்த வரிசையில் நான்காவது. எங்கள் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர். அந்தச் சுவரோரம் அவர்கள் ஆட்டுக்கல் போட்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு மாவு ஆட்டத் தொடங்கினால் எங்கள் கட்டில் கால் அதிரும். பிறகு தண்ணீர்க் குழாய்ச் சண்டை. பிறகு ரேடியோ. ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக முகத்தில் விழும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். விடுமுறை நாட்களில் நான் வாசற்படியில் உட்கார்ந்து, பக்கத்தைப் புரட்டும் சத்தம்கூட வராமல் படிக்கப் பழகியிருந்தேன். அந்த வீட்டில் நான் மட்டும் சத்தம் போடாமல் இருந்து என்ன பயன்.

ஒரு நாள் காலையில் வந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு குழந்தைங்க கையில கட்டுற நாடாவ மாத்திப் புடிச்சுட்டேன்" என்றாள்.

"கட்டிட்டியா?"

"கட்டல. புடிச்சேன். அம்மா பேரப் பாத்துட்டு மாத்திக்கிட்டேன்." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இப்பிடியே தூக்கம் இல்லாம போனா ஒரு நாள் கட்டிடுவேன்" என்றாள்.

அன்றைக்கு நான் எட்டரை பஸ்ஸை விட்டுவிட்டேன்.

சத்துவாச்சாரியில் மனை போட்டு விற்றபோது முப்பதுக்கு ஐம்பதில் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். சுற்றிலும் வெறும் கல் நட்ட மனைகள். வீடு கட்டலாம் என்று முடிவு செய்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சமையலறை எந்தப் பக்கம், தரைக்கு என்ன போடுவது, எதையும் கேட்கவில்லை.

"எனக்கு ஜன்னல் இல்லாத ஒரு ரூம் வேணும். கதவச் சாத்தினா ராத்திரி மாதிரி இருக்கணும். அவ்வளவுதான்."

1979 ஏப்ரலில் பிளான் போடச் சுப்பராயனிடம் போனேன். பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரில், மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருப்பார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, வருகிற எல்லோரிடமும் ஒரே தாளில் எழுதிக் காட்டுவார். அது சிமெண்டு எளிதில் கிடைக்காத காலம். பாஸான பிளானைக் காட்டினால்தான் பர்மிட் கொடுப்பார்கள். அதனால் விதிகள் பிடிக்காதவர்களும் சுப்பராயனிடம் வந்துதான் ஆக வேண்டும்.

"முப்பதடி அகலத்துல இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் அஞ்சு வுட்டுடணும்" என்றார். "பத்து போச்சு. மீதி இருபதுலதான் வீடு."

"பத்தும் சும்மா கெடக்குமா?"

"காத்து போவும் சார். வுடுறது எல்லாருக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. அடுத்தவன் வுடலன்னா மட்டும் வந்து என் கிட்ட சண்ட போடுவாங்க."

ஜன்னல் இல்லாத அறையைப் பற்றிச் சொன்னேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"ஆவாது. மனுஷன் பொழங்குற ரூம்னா தரை அளவுல எட்டுல ஒரு பங்கு ஜன்னல் இருக்கணும். உங்க ரூம் எட்டுக்குப் பத்து, எம்பது சதுர அடி. பத்து சதுர அடி ஜன்னல் காட்டியே ஆவணும்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "வுடுங்க, அதுக்கு வழி கீது. நான் பாத்துக்கறேன். எப்போ வேணும்?"

"சீக்கிரம் வேணும். ஜூன் மொத வாரம் ஐயர் வர்றேன்னு சொல்லியிருக்காரு."

"நாள் குறிச்சுட்டாரா. அப்போ அதுக்குள்ள முடிச்சாவணும்" என்று சொல்லிவிட்டு, ஏதோ புரிந்துகொண்டவரைப் போல் சிரித்தார்.

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். என் அப்பா அப்படித்தான் சொன்னார், அவருடைய அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்தச் சொல்லுக்கு ஊரில் வேறு பொருள் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வாயில் வரும்போது அது நினைவுக்கு வருவதில்லை. கிருபானந்தம் என்ற என் பெயரும் உதவவில்லை. அந்தப் பெயர் கோயிலுக்குப் போகிறவர்களிலும் உண்டு, எங்களிலும் உண்டு.

பத்து நாள் கழித்து, பஸ் நிற்கும் இடத்திலேயே சுப்பராயன் தாள்களைக் கொண்டுவந்து நீட்டினார். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். விரித்துப் பார்க்க நேரமில்லை. ஜூன் பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் பிளான் முத்திரையோடு வந்தது. இரவு தனியாக உட்கார்ந்து அந்த நீலத் தாளை விரித்தேன். முன்னறை, சமையலறை, படுக்கையறை என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அழகாக எழுதியிருந்தார். பின்பக்கம் இருந்த ஜன்னல் இல்லாத எட்டுக்குப் பத்து அறைக்குள் 'பூஜா' என்று இருந்தது.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பூஜை அறைக்கு ஜன்னல் தேவையில்லை போலும். ஐயர் வருகிறார் என்று நான் சொன்னது, என் பெயர், எல்லாவற்றையும் கூட்டி அந்த மனிதர் எனக்கு நல்லது செய்திருக்கிறார்.

மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிளானைத் திருப்பி எடுக்க வேண்டும், ஜன்னல் வரும், பர்மிட் தள்ளிப்போகும். சொல்லாமல் இருப்பதும் பொய் சொல்வதும் ஒன்றா என்று ராணிப்பேட்டை போய்ச் சேரும்வரை பஸ்ஸில் யோசித்தேன். இரண்டும் ஒன்றல்ல என்று முடிவுக்கு வந்தேன். யோசிக்கிற நேரத்தில் பேசியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். ஜெயபுஷ்பத்திடமும் சொல்லவில்லை. ஐம்பது நிமிடத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐயர் வந்து ஜெபம் செய்து, முதல் கல்லை வைத்தார். வீரபாகு மேஸ்திரி கடைக்கால் எடுத்தார். நாற்பது வயது, கனத்த குரல். பக்கத்தில் நிற்கிற சித்தாளைக் கூப்பிட்டால் அடுத்த தெருவில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். பிளானை எழுத்துக்கூட்டிப் படிப்பார். படித்ததை மீற மாட்டார்.

ஆகஸ்டில் சுவர், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தைத் தாண்டியது. கூரைக்கான சிமெண்டுக்கு இரண்டாவது பர்மிட் வர வேண்டும். அதற்கு முன் பஞ்சாயத்து ஆபீஸ் ஓவர்சியர் வந்து, பிளான்படிதான் கட்டியிருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். மழைக்கு முன்னால் கூரை போட்டாக வேண்டும் என்று வீரபாகு நச்சரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை நான் லீவு போட்டுவிட்டு மனைக்குப் போனேன். ஜெயபுஷ்பம் வேலை முடிந்து நேராக அங்கே வந்தாள். வெள்ளை உடுப்புதான். கழுத்தில் அவளுடைய அம்மா கொடுத்த சின்னச் சிலுவை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவள் சுவர் எழும்பிய பிறகு வீட்டைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நேராகப் பின்பக்க அறைக்குப் போனவள் வாசலில் நின்றுவிட்டாள்.

அறை வாசலில் நான்கைந்து ஜோடி ரப்பர் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே இரண்டு சித்தாள்கள் வெறுங்காலோடு மண் வாரிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு மேஸ்திரி செருப்ப இங்க கழட்டிப் போட்டிருக்காங்க?"

"பூஜை ரூமாச்சேம்மா" என்றார் வீரபாகு.

ஜெயபுஷ்பம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"யாருக்குப் பூஜை ரூம்?"

"உங்களுக்குத்தாம்மா. பிளான்ல போட்டிருக்குதே. அன்னிக்கி உங்க ஐயரு வந்து பைபிள் படிச்சதப் பாத்தேன். எந்த சாமின்னா இன்னாம்மா, சாமி ரூமுக்குள்ள செருப்போட போவ முடியுமா. நான்தான் எல்லார் கிட்டயும் கண்டிசனா சொல்லி வெச்சிருக்கேன்."

அப்போதுதான் ஓவர்சியர் சைக்கிளில் வந்து இறங்கினார். ரஃபி அகமது என்று பெயர். மேல்விஷாரத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், பையில் அளவு நாடா. முன்னறையை அளந்தார், பக்கத்தில் விட்டிருந்த ஐந்தடியை அளந்தார், தலையை ஆட்டிக்கொண்டார். பின்பக்கம் வந்ததும் வீரபாகு குறுக்கே நின்றார்.

"பாய், பூட்ஸ வெளிய வுட்டுட்டு வாங்க."

ரஃபி அகமது எதுவும் கேட்காமல் குனிந்து கயிற்றை அவிழ்த்து, பூட்ஸையும் காலுறையையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாலு சுவரையும் பார்த்தார். பிளானைப் பார்த்தார். அளந்தார். பிறகு ஜெயபுஷ்பத்தைப் பார்த்தார். அவருடைய பார்வை அந்தச் சிலுவையில் ஒரு நொடி நின்றது.

"எட்டுக்குப் பத்து" என்றார். "பெரிய ஊரு ஜமீன் வீட்டுலகூட நான் இவ்ளோ பெரிய பூஜை ரூமப் பாத்ததில்ல. அம்மா, இது இன்னா ரூம்?"

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"நான் தூங்குற ரூம் சார். எனக்கு நைட் ட்யூட்டி. பகல்லதான் தூக்கம். வெளிச்சம் வந்தா தூங்க முடியல, அதனால ஜன்னல் வேணாம்னு நான்தான் சொன்னேன். பூஜைன்னு எழுதியிருக்கறது எனக்கு இப்பதான் தெரியும்."

ரஃபி அகமது பிளானைச் சுருட்டினார். "பூஜைன்னு எழுதி வாங்கிட்டு பெட்ரூம் கட்டியிருக்கீங்க. நான் இத சரின்னு எழுதினா நாளைக்கி எனக்கு மெமோ வரும். தப்புன்னு எழுதினா உங்களுக்கு சிமெண்ட் வராது. ரெண்டு பேருக்கும் பேஜார்."

"இதுல யாருக்கு சார் நஷ்டம்? என் வீடு. நான் தூங்கப் போறேன். ஜன்னல் வேணுமா வேணாமான்னு நான்தானே சொல்லணும்?"

அவர் கோபப்படவில்லை. சுவரோரம் கிடந்த செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார்.

"எந்த வார்டு சிஸ்டர்?"

"பிரசவ வார்டு."

"நீங்க ட்யூட்டிக்குப் போனதும் வார்டு ஜன்னல எல்லாம் இழுத்துச் சாத்திடுவீங்களா?"

பனிக்காலத்தில்கூட ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி, பிரசவித்த பெண்களின் தாய்மார்களோடு சண்டை போடுகிறவள் அவள். மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் சண்டையை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"வார்டு வேற சார்" என்றாள் கடைசியில்.

"மூச்சு ஒண்ணுதானேம்மா. ரூல எழுதினவன் நீங்க முழிச்சிருக்கறத நெனச்சு எழுதல. தூங்குறத நெனச்சுதான் எழுதியிருப்பான். முழிச்சிட்டிருக்கறவன் மூச்சு முட்டுனா எழுந்து வெளிய வந்துடுவான் இல்ல?"

"காத்து மட்டும் வந்தா பரவால்ல சார். கூடவே ஆட்டுக்கல்லும் வருது, ரேடியோவும் வருது."

"எங்க இருந்து வரும்?" அவர் எழுந்து வெறுங்காலோடு வெளியே போனார். நாங்களும் பின்னால் போனோம். வீட்டுச் சுவருக்கும் மனைக் கல்லுக்கும் நடுவே விட்டிருந்த இடத்தில் நின்று, அந்தப் பக்கம் இருந்த வெறும் மனையைக் காட்டினார். "இங்க நீங்க அஞ்சு அடி வுட்டிருக்கீங்க. அங்க வர்றவனும் அஞ்சு அடி வுடணும். அவன் ஆட்டுக்கல்லு உங்க சுவத்துக்குப் பத்து அடி அந்தாண்டதான் இருக்கும். இப்ப நீங்க குடியிருக்கற வீட்டுல எவ்ளோ தூரம்?"

"ஒரே சுவரு."

"அதான்."

அவள் முகத்தில் தூக்கம் இருந்தது. சம்மதம் இல்லை. இரவெல்லாம் நின்றுவிட்டு வந்து இந்த வெயிலில் தன் அறைக்காக வாதாடிக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். அந்த நினைப்பு வந்ததும் என்னையறியாமல் பேசத் தொடங்கினேன்.

"சார், ஜன்னல் வெச்சுடறோம். அதுக்குக் கதவு எப்பிடி இருக்கணும்னு ரூல் எதாவது இருக்குதா?"

"புரியல."

"எங்க கம்பெனி கோடவுன்ல கூரை வரைக்கும் தோல் அடுக்கி வெச்சிருப்பாங்க. உள்ள போயி நின்னா வெளிய லாரி போறதுகூடக் கேக்காது. தோலு சத்தத்தக் குடிச்சுடும். கழிச்சுப் போட்ட தோலு கம்மி வெலைக்குக் கெடைக்கும். ரெண்டு பலகைக்கு நடுவுல நாலு மடிப்பு வெச்சு ஆணி அடிச்சு ஜன்னல் கதவாப் போட்டா, சாத்தினா இருட்டு, சத்தமும் வராது. மூச்சுக்குக் கதவுக்கு மேல ஒரு சாண் இடம் வுட்டுடலாம். தொறக்கணும்னா தொறந்துக்கலாம்."

ஜெயபுஷ்பம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

ரஃபி அகமது சிரித்தார். "ஜன்னலுக்கு எவ்ளோ அளவுன்னு ரூல் கீது. கதவு எவ்ளோ கனம்னு எந்த ரூலும் இல்ல. ரெண்டரைக்கு நாலு. பத்து சதுர அடி. ஒரு இஞ்ச் கம்மியானாலும் நான் ஒத்துக்க மாட்டேன். திங்கக்கெழம பிளான மாத்திக் குடுங்க, அன்னிக்கே எழுதிடறேன்." அறை வாசலுக்குத் திரும்பி வந்து பூட்ஸை மாட்டிக்கொள்ளக் குனிந்தவர் நிமிர்ந்து, "மேஸ்திரி, இனிமே இங்க செருப்போட வரலாமா?" என்றார்.

வீரபாகு யோசித்தார். "ரெண்டு மாசமா கழட்டிட்டு வந்துட்டோம் பாய். இப்ப எப்பிடிப் போடறது. சிஸ்டரே தூங்குற எடம், இருந்துட்டுப் போவட்டும்."

பஸ்ஸுக்காக மெயின் ரோட்டில் நின்றபோது அவள் கேட்டாள்.

"பூஜைன்னு போட்டிருந்தது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"மே கடைசில."

"இது ஆகஸ்ட்."

"ஆமா."

ஒரு லாரி போயிற்று. இன்னொன்று போயிற்று.

"ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" என்றாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தோட்டப்பாளையம் வந்தும் எழுப்ப மனமில்லாமல் அடுத்த நிறுத்தம்வரை போய்த் திரும்பி நடந்தோம்.

திங்கட்கிழமை சுப்பராயன் பழைய எழுத்தைப் பிளேடால் சுரண்டியபடி புலம்பினார். "ஐயர் வர்றாருன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. எந்த ஐயருன்னு சொல்ல வேணாமா? எனக்கு உங்க மேல எவ்ளோ மரியாத தெரியுமா, இந்தக் காலத்துல இவ்ளோ பெரிய பூஜை ரூம் கட்டுறாரேன்னு."

செப்டம்பரில் கூரை போட்டோம். 1980 ஜனவரியில் குடிபோனோம். தச்சர் ஜன்னல் கதவைத் தூக்க முடியாமல் தூக்கி மாட்டினார். இரண்டு பலகைக்கு நடுவே பதினாறு ஆட்டுத் தோல். சாத்தினால் அறை கிணற்றுக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். முதல் நாள் காலையில் அவள் உள்ளே போய் ஜன்னலையும் அறைக் கதவையும் சாத்தினாள். நான் லீவு போட்டுவிட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் என் மூச்சு எனக்குக் கேட்டது.

முக்கால் மணி நேரத்தில் கதவு திறந்தது.

"தூக்கம் வரலையா?"

"இருட்டா இருக்கு. சத்தமும் இல்ல. ஆனா ஆட்டு மந்தைக்கு ட்யூட்டி போட்ட மாதிரி நாறுது."

தோல் கம்பெனியிலேயே இருபது வருடம் இருந்தவனுக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியிருக்கவே இல்லை. என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் திரும்பிப் போய் அந்தக் கனத்த ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தாள். வெளியே வெறும் மனைகள். ஒரு குருவிகூட இல்லை. வெயில் பக்கத்துச் சுவர் எதிலும் பட்டுத் திரும்பாமல் மண்ணிலேயே கிடந்தது. காற்று வந்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். மாலை நான்கு மணிவரை புரளக்கூட இல்லை. நான் இரண்டு தடவை போய் எட்டிப்பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கதவைச் சாத்தியதில்லை. மழை பெய்தால் மட்டும் சாத்துவோம். சாத்தினால் அவள் முன்னறையில் வந்து படுத்துக்கொள்வாள்.

இப்படி இரண்டு வருடம் போனது. 1982 ஏப்ரலில் ஒரு விடுமுறை நாள் காலை பதினொரு மணிக்குப் பக்கத்து மனையில் பேச்சுக் குரல் கேட்டது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வீரபாகு மேஸ்திரி முளைக்குச்சி நட்டு நூல் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஓர் அம்மா. பில்கிஸ் டீச்சர். மேல்விஷாரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. மனை அவர்களுடையது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

வீரபாகு கட்டியிருந்த நூல் எல்லைக் கல்லிலிருந்து மூன்றடியில் இருந்தது. நான் கண்ணால் அளந்தேன். பிறகு காலால் அளந்தேன். மூன்றுதான்.

"மேஸ்திரி, அஞ்சு வுடணுமே."

"பிளான்ல அஞ்சுதான் சார். டீச்சருக்கு இந்த ரூம் சின்னதா வருதுன்னாங்க. ரெண்டு அடி தள்ளிக்கினா யாரு வந்து பாக்கப் போறாங்க. ஓவர்சியர் பாயும் மாத்தலாகி வேற ஊருக்குப் போய்ட்டாரு."

டீச்சர் என்னைப் பார்த்தார்கள். பழைய நானாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போயிருப்பேன். போய் ஒரு வாரம் யோசித்திருப்பேன். அதற்குள் சுவர் எழும்பியிருக்கும். எனக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், ஜன்னலுக்குள் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் பேசினேன். தோட்டப்பாளையத்துச் சுவரைப் பற்றிச் சொன்னேன், ஆட்டுக்கல்லைப் பற்றிச் சொன்னேன், நாடா மாறப் பார்த்ததைச் சொன்னேன். பூஜை அறையைச் சொன்னபோது டீச்சர் குடையைச் சாய்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மூன்றடிச் சந்தில் அவர்கள் வீட்டுக்கே எவ்வளவு வெளிச்சம் வரும் என்பதையும் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. குரல் உயர்ந்துகொண்டே போனதும் தெரியவில்லை.

"எந்த வார்டுல இருக்காங்க உங்க வீட்டம்மா?" என்று டீச்சர் கேட்டார்கள்.

"பிரசவ வார்டு."

"என் மருமக மாசமா இருக்கா. ஆடி மாசம் தேதி சொல்லியிருக்காங்க." வீரபாகுவைப் பார்த்து, "மேஸ்திரி, அஞ்சே வுடுங்க. அவங்க நல்லாத் தூங்கிட்டுப் போகட்டும்" என்றார்கள்.

"ரூம் சின்னதாப் பூடும் டீச்சர்."

"பூடட்டும்."

"யாரு அங்க, வேல வெட்டி இல்லாம கத்தினு இருக்கறது?"

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. மூன்று பேரும் திரும்பினோம். ஜெயபுஷ்பம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான்" என்றேன்.

"நீங்களா? இவ்ளோ நேரமாவா?"

"ஆமா."

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் வந்தாள். டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டாள். தரையில் கட்டியிருந்த நூலைப் பார்த்தாள். எல்லைக் கல்லைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது.

"பேசி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு. அஞ்சு அடி."

"அப்போ எல்லாரும் அந்தாண்ட போங்க. எனக்கு இன்னும் நாலு மணி நேரம் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். படுக்கும்போது சிரித்ததைப் பார்த்தேன்.

வீரபாகு நூலை அவிழ்த்தார். முளைக்குச்சியைப் பிடுங்கி, இரண்டடி தள்ளி அளந்து வைத்தார். அடிப்பதற்குச் சுத்தியலை ஓங்கியவர் ஜன்னலைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, குச்சியின் தலைமேல் குதிகாலை ஊன்றி, மெதுவாக மண்ணுக்குள் மிதித்து இறக்கினார்.